பழைய காரில் ரேடியோ சரியாக எடுக்கவில்லையா? மலைப்பாதை வண்டிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொடைக்கானல் மலையில் பழைய வண்டி ஓட்டுபவர்களிடம் ரேடியோவைப் பற்றிக் கேட்டால் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: ஊருக்குள் நன்றாகப் பாடுகிறது, பெருமாள்மலை தாண்டி இறங்க ஆரம்பித்தால் கரகரவென்கிறது. உடனே செட்டை மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகும் கரகரப்பு போவதில்லை. பழைய வண்டிகளில் கோளாறு செட்டுக்குள் இருப்பது குறைவு. ஏரியலின் அடிப்பகுதியில், பெயின்ட்டுக்கும் துருவுக்கும் நடுவில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்தான் அது அதிகம் இருக்கிறது. அதைச் சரிசெய்ய உப்புத்தாளும் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், பல வளைவுகளில் செல்போன் சிக்னல் இருக்காது. மழைச் செய்தி கேட்க வண்டியில் இருக்கும் ரேடியோதான் கதி. பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு விடியுமுன் வடுகபட்டிக்கு இறங்கும் டிரைவருக்குத் தூக்கம் வராமல் துணையிருப்பதும் அதுவே. கேட்கும்படியாக அது வேலை செய்யவேண்டும்.

முதலில் மலையா, வண்டியா என்று பிரியுங்கள்

கொடைக்கானல் ஆகாசவாணியின் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 10 கிலோவாட் ஒலிபரப்பி, அதுவும் ஏறத்தாழ 7,000 அடி உயரத்து ஊரில். அதனால்தான் மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி என்று சமவெளியில் வெகுதூரம் அது தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அதே மலையின் மடிப்புக்குள் நிற்கும் வண்டியில் சில இடங்களில் கேட்காது. பண்பலை அலையின் நீளம் சுமார் 3 மீட்டர்தான். அது கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். ஒரு மலை முகடு குறுக்கே வந்தால் அதைச் சுற்றி வளைந்து வர அதனால் முடியாது. மதுரை ஆகாசவாணியின் 1269 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலைக்கு நீளம் 236 மீட்டர். அது நிலத்தை ஒட்டி, மேடு பள்ளங்களை ஓரளவு தழுவிக்கொண்டே போகும்.

ஆகவே, ஒரு குறிப்பிட்ட வளைவில் எப்போது போனாலும் 100.5 மங்குகிறது, அடுத்த வளைவில் தானாகத் திரும்பி வருகிறது என்றால் அது மலையின் வேலை. அதற்கு வண்டியைப் பிரிக்க வேண்டாம். எங்கே நின்றாலும் மங்கலாக இருக்கிறது, போன வருடம் நன்றாக எடுத்த இடத்தில் இந்த வருடம் எடுக்கவில்லை என்றால் அது வண்டி.

உறுதி செய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. கொடைப் பண்பலைக்கு ஊருக்குள்ளேயே ஒரு திறந்த மேட்டில் நிறுத்துங்கள். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 போன்ற மதுரை நிலையங்களுக்கு, டம்டம் பாறை மாதிரி சமவெளி விரிந்து தெரியும் இடம் நல்லது. இன்ஜினை அணைத்துவிட்டு வெளியே இறங்கி, ஒரு பாக்கெட் ரேடியோவில் அதே நிலையத்தைப் பிடியுங்கள். பண்பலை வசதி உள்ள செல்போனும் போதும். இயர்போன் வயரே அதற்கு ஏரியல், நீளமாகத் தொங்க விடுங்கள். கையில் இருப்பது தெளிவாகப் பாடி, காரில் கரகரத்தால் மேற்கொண்டு படியுங்கள். இரண்டும் கரகரத்தால் இடத்தை மாற்றி மறுபடி பாருங்கள்.

இரைச்சலைக் காது கொடுத்துக் கேளுங்கள்

ஸ்பேனரைத் தொடுமுன் இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நிலையத்தை வைத்து, இன்ஜின் ஓடாமல் கேளுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். அப்புறம் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள்.

இன்ஜின் நின்றிருக்கும்போதே "ஸ்ஸ்ஸ்" என்று இரைந்தால் சிக்னல் போதவில்லை: ஏரியல், கேபிள், எர்த் (வண்டி உடம்போடு உள்ள உலோகத் தொடர்பு) பக்கம் போகவேண்டும். ஸ்டார்ட் செய்தபின் "டிக் டிக் டிக்" என்று, வேகம் கூடக் கூட நெருக்கமாக வந்தால் ஸ்பார்க் பக்கம், அதாவது பெட்ரோல் இன்ஜினின் பிளக்கும் அதன் வயர்களும். "ங்ங்ய்ய்" என்று விசில் போல, ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர், அதாவது நம் ஒர்க்‌ஷாப்களில் டைனமோ என்று சொல்வது. டீசல் ஜீப்பில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இந்த டிக் டிக் வராது, விசில் வரும். வைப்பர் போடும்போது மட்டும் வந்தால் வைப்பர் மோட்டார். சிகரெட் லைட்டரில் செருகிய மலிவான செல்போன் சார்ஜரும், பின்னால் மாட்டிய எல்.இ.டி. பல்புகளும் இன்று பெரிய தொல்லை. அவற்றைக் கழற்றிவிட்டுக் கேட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும்போது விட்டு விட்டு வந்தால், எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. இன்ஜினை அணைத்து, ஒருவர் கேட்க, இன்னொருவர் ஏரியலை மெல்ல அசைக்கட்டும், பிறகு செட்டின் பின்பக்க வயர்களை அசைக்கட்டும். எங்கே அசைத்தால் கொரகொரக்கிறதோ அங்கே கோளாறு.

ஏரியல் கம்பி

இழுத்து நீட்டும் கம்பி ஏரியல் என்றால் எல்லாக் கணுக்களையும் முழுதாக இழுங்கள். பண்பலைக்கு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளம் பொருத்தமானது, அலைநீளத்தில் கால் பங்கு. மத்திய அலைக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. பனியும் தூசியும் சேர்ந்து கணுக்களுக்கு நடுவே அழுக்குப் படிந்தால், கம்பி வெளியே நீண்டிருந்தாலும் உள்ளே தொடர்பு இருக்காது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒவ்வொரு கணுவையும் துடைத்து, சிலமுறை இழுத்து விட்டு, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கிரீஸ் பூசாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முறிந்த ஏரியலுக்குப் பதில் விரல் நீள ரப்பர் குச்சியை மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஊருக்குள் அது ஒப்பேறும், மலையில் ஒப்பேறாது. கூரையில் ஒட்டும் சுறாத்துடுப்பு அலங்காரம் இன்னும் மோசம். அக்ஸஸரி கடைகளில் விற்பவற்றில் பலவற்றுக்கு உள்ளே வயரே கிடையாது, வெறும் பிளாஸ்டிக். அதைப் பொருத்துவதற்காக நல்ல ஏரியலைக் கழற்றி எறிந்த வண்டிகளைப் பார்க்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அடிப்பகுதி: இங்கேதான் பெரும்பாலும் முடிவு தெரியும்

ஏரியல் கம்பி மட்டும் சிக்னலைப் பிடிப்பதில்லை. கம்பி ஒரு பாதி, வண்டியின் தகட்டு உடம்பு மறு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஏரியல் முழுமை. கேபிளின் வெளிப் பின்னல் ஏரியலின் அடியில் வண்டி உடம்போடு உலோகத்துக்கு உலோகமாகப் பட வேண்டும். அந்தத் தொடர்பு விட்டுப்போனால் சிக்னல் மங்கும், அதோடு இன்ஜினின் இரைச்சல் கேபிள் வழியாக உள்ளே ஏறும். ஒரே கோளாறு இரண்டு கோளாறாகத் தெரியும்.

கொடைக்கானலில் மூடுபனி வருடத்தில் பல மாதம் இறங்கி நிற்கிறது. வண்டிகள் பெரும்பாலும் வெளியிலேயே நிற்கின்றன. ஏரியல் அடியிலுள்ள ரப்பர் வெயிலில் வெடித்து, அந்த வெடிப்பு வழியாக ஈரம் இறங்கி, நட்டுக்குக் கீழே துரு பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் குறியீட்டு எண் கேட்கும் செட் என்றால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மட்கார்டு ஏரியல் என்றால் சக்கரத்தின் உட்பக்க உறையைத் தளர்த்திக் கையை விட வேண்டியிருக்கும். கண்ணாடி ஓரத்துத் தூணில் இருந்தால் இரண்டு மூன்று ஸ்குரூதான். கூரையில் இருந்தால் உள்கூரைத் துணியை ஓரமாக இறக்க வேண்டும். நிதானமாகச் செய்யுங்கள், பழைய துணி எளிதில் கிழியும்.

நட்டைக் கழற்றி, தகட்டின் உட்பக்கத்தில் வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி நிறம் தெரியும்வரை கொண்டு வாருங்கள். வெளிப்பக்கப் பெயின்ட்டைத் தொட வேண்டாம். பழைய வாஷர் துருவேறியிருந்தால் பல் வைத்த புது வாஷர் போடுங்கள். அந்தப் பற்கள் தகட்டில் குத்தி உட்கார்ந்து தொடர்பைக் காக்கும். இறுக்கியபின், வெளியே தெரியும் சுரண்டிய உலோகத்தின் மேல் வாசலின் பூசுங்கள். கடைசியாக வெளிப்பக்க ரப்பரைச் சுற்றி சிலிகான் பசை ஒரு கோடு. கழற்றியபோது பச்சைப் பூசணம் போல எதையாவது பார்த்தீர்களா? அது செம்பு அரித்தது. கேபிளின் பின்னலுக்குள் அது இறங்கியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. திரிபோல ஈரத்தை உள்ளிழுத்து நெடுக அரித்திருக்கும். கேபிளோடு சேர்த்து ஏரியலையே மாற்றுங்கள்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு

செட்டின் பின்னாலிருந்து ஏரியல் பிளக்கை உருவி, ஓம் அளவில் மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள். பிளக்கின் நடு முனைக்கும் வெளியே உள்ள கம்பிக்கும் நடுவே தொடர்பு இருக்கவேண்டும். கார் கேபிளின் நடு வயர் மிக மெல்லியது, சில ஓம் காட்டினால் கவலை இல்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. நடு முனைக்கும் வெளி உறைக்கும் நடுவே தொடர்பு அறவே கூடாது. காட்டினால் உள்ளே ஷார்ட், அல்லது தண்ணீர். வெளி உறைக்கும் வண்டி உடம்புக்கும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வரவேண்டும்.

கண்ணாடியில் ஒட்டிய ஏரியல், அல்லது அடியில் சின்ன பூஸ்டர் வைத்த ஏரியல் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு 12 வோல்ட் கரன்ட் வேண்டும். செட்டிலிருந்து வரும் நீல வயர்தான் பெரும்பாலும் அதற்கானது. செட் மாற்றியவர் அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருப்பது சாதாரணமாக நடப்பது. "செட் மாற்றிய நாளிலிருந்துதான் எடுக்கவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அந்த நீல வயரைப் பற்றித்தான்.

ஒரு வயர்த்துண்டு சோதனை

மீட்டர் இல்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். 75 சென்டிமீட்டர் சாதாரண வயரின் ஒரு முனையைச் சீவி, செட்டின் ஏரியல் துளையில் நடுவே இருக்கும் தொடர்பில் செருகுங்கள். மறு முனையை ஜன்னல் வழியாக வெளியே நிமிர்த்திப் பிடியுங்கள். இந்த வயரில் நன்றாக எடுத்தால் உங்கள் செட் நல்ல செட். பணத்தை ஏரியலுக்கும் கேபிளுக்கும் மட்டும் செலவு செய்யுங்கள். இதிலும் மங்கினால் செட்டைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனை செய்யாமல் யாரும் புது செட் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செட்டின் அமைப்புகள்

வெளிநாட்டு செட், பழைய மார்க்கெட்டில் வாங்கிய செட் என்றால் எந்த நாட்டு அமைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க அமைப்பில் பண்பலை 0.2 மெகாஹெர்ட்ஸாகத் தாவும், 100.3, 100.5, 100.7 என்று ஒற்றைப்படை இலக்கத்தில்தான் நிற்கும். கொடை வரும், ஆனால் கோவையின் 103.0 போன்றவற்றில் சரியாக நிற்காது. மத்திய அலையில் 10 கிலோஹெர்ட்ஸாகத் தாவும். நம் நாட்டில் 9 தான் கணக்கு. 1269-க்குப் பதில் 1270-இல் நின்றால் குரல் கீறலாக வரும். மெனுவில் ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் சரியாகிவிடும். சில செட்டில் இதற்கு அடிப்பக்கத்தில் சின்ன சுவிட்ச் இருக்கும்.

"லோக்கல்" என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் தொலைதூர நிலையங்களைத் தேடும்போது செட் விட்டுவிட்டுப் போகும். அதை எடுத்துவிடுங்கள். ஆனால் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு நேர்மாறு. அங்கே 100.5 டயலின் பல இடங்களில் வந்து மற்ற நிலையங்களை மூடிவிடுகிறதா? சிக்னல் அளவுக்கு மீறி செட்டைத் திணறடிக்கிறது. அங்கே லோக்கலைப் போடுங்கள், ஏரியலை இரண்டு கணு உள்ளே தள்ளுங்கள்.

மோனோ (எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) பொத்தான் இருந்தால் மலைப்பாதையில் அதைப் போட்டு வையுங்கள். ஸ்டீரியோவுக்கு வலுவான சிக்னல் வேண்டும். மோனோவில் அதே சிக்னலுக்கு இரைச்சல் வெகுவாகக் குறையும். வண்டிச் சத்தத்துக்கு நடுவே இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

இன்ஜின் இரைச்சலைத் துரத்துவது

இரைச்சல் வந்துகொண்டிருக்கும்போது ஏரியல் பிளக்கை உருவுங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் கரன்ட் வயர் வழியாக வருகிறது. மருந்து வேறு வேறு என்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபில்டர் வாங்கி மாட்டாதீர்கள்.

கரன்ட் வழியாக வரும் விசிலுக்கு முதல் மருந்து எர்த். செட்டின் கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு ஸ்குரூவில் மாட்டியிருப்பார்கள். அதை எடுத்து, சுரண்டிய நல்ல உலோகத்தில் தனியாக இறுக்குங்கள். போகவில்லை என்றால் பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து நேர் வயர் ஒன்று இழுங்கள். அதற்கும் போகாவிட்டால்தான் சோக் (கம்பிச்சுருள்) வைத்த, இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர். ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விட்டாலும் இதே விசில் வரும். கூடவே சார்ஜும் குறைந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

ஏரியல் வழியாக வரும் டிக் டிக்குக்கு, ஏரியல் எர்த்தை முடித்திருந்தால் அடுத்தது ஸ்பார்க் பக்கம். பிளக் எண்ணில் ஆங்கில ஆர் எழுத்து உள்ள, ரெசிஸ்டர் வைத்த பிளக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் செம்புக் கம்பி எச்.டி. வயர் (பிளக்குக்குப் போகும் தடித்த வயர்) இருந்தால் ரெசிஸ்டர் வைத்த பிளக் மூடி உதவும். கார்பன் வயர் என்றால் மீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்டும். முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. பனி இறங்கிய இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓட விட்டுப் பாருங்கள். வயரிலிருந்து நீலப் பொறி தெறித்தால் அந்த வயர் ரேடியோவைக் கெடுப்பதோடு குளிர் காலையில் ஸ்டார்ட்டையும் கெடுக்கும். கையால் மட்டும் தொடாதீர்கள், அடி பலமாக இருக்கும்.

பிளாட்டினம் பாயின்ட் (ஸ்பார்க்குக்காகக் கரன்ட்டை விட்டு விட்டு வெட்டும் தொடர்பு) உள்ள பழைய வண்டியில், ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்கு இரைச்சல் அடக்கும் கண்டென்சர் போடுவதுண்டு. அதைச் சாவியிலிருந்து கரன்ட் வரும் முனையில்தான் போட வேண்டும். பாயின்ட்டுக்குப் போகும் முனையில் போட்டால் ஸ்பார்க் பலவீனமாகி, ஏற்றத்தில் இன்ஜின் இழுக்காது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

பானெட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பின்னல் எர்த் பட்டை போடுவது மலிவான, நல்ல மருந்து. கீல்கள் துருவேறிய வண்டியில் பானெட் தனித் தகடாகி இரைச்சலை வெளியே விடுகிறது. பட்டை போட்டதும் அது மூடி போல அடக்கிக்கொள்ளும்.

எல்லாம் சரி, இருந்தும் வளைவுகளில் துடிக்கிறது

வண்டி ஓடும்போது குரல் படபடவென்று வெட்டி வெட்டி வந்தால், நேராக வரும் அலையும் பாறையில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. நின்றிருக்கும்போது இப்படி ஆனால் வண்டியை ஒரு மீட்டர் முன்னே நகர்த்துங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஓடும்போது மோனோதான் கைகொடுக்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து மடிப்புகளில் பண்பலை அறவே விட்டுப்போகும் இடங்களில் மத்திய அலைக்கு மாறிப் பாருங்கள்: மதுரை 1269, திருச்சி 936, திருநெல்வேலி 1197. இரவில் மத்திய அலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் தொலைதூர நிலையங்களும் வரும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அது கோளாறு அல்ல.

குமிழ் திருகும் பழைய மத்திய அலை செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஏரியலை மாற்றியபின் செட்டின் ஏரியல் துளைக்கு அருகே, சிலவற்றில் முன்பக்கக் குமிழுக்குப் பின்னால், ஒரு சின்னத் திருகு இருக்கும். 1,400 கிலோஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்து, ஏரியலை முழுதாக நீட்டி, அந்தத் திருகை மெல்லத் திருப்பி ஒலி உச்சத்துக்கு வரும் இடத்தில் விடுங்கள். பல வண்டிகளில் அந்தத் திருகை யாரும் தொட்டதே இல்லை.

இத்தனைக்கும் பிறகு வயர்த்துண்டு சோதனையிலும் மங்கினால் செட்டை மாற்றலாம். வாங்கும்போது உங்கள் வண்டியைக் கடை வாசலுக்கே கொண்டுபோங்கள். புது செட்டை உங்கள் ஏரியலிலேயே மாட்டச் சொல்லி, இன்ஜினை ஓட விட்டு, உங்கள் ஊரில் மங்கலாக வரும் நிலையம் எதுவோ அதைக் கேட்டுப் பாருங்கள். கொடைக்கானல் ஊருக்குள் 100.5-ஐ வைத்துப் பார்த்தால் எந்த செட்டும் நல்ல செட்டாகத்தான் தெரியும்.